பஸ்ஸும் படகுமா அந்தமானில் ஒரு நாள்: போர்ட் பிளேர் – பாரடாங் – ரங்கத், வயசானவங்களோட முடியுமா?

தொப்பூர்க்காரன்

வணக்கம். பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் தர்மபுரியிலிருந்து ஆறு பேர் அந்தமான் போறோம். அப்பாவுக்கு 68, முட்டிவலி. படி ஏறுவார், ஆனா மெதுவாத்தான். அம்மாவுக்கு ஒகேனக்கல் மலைப்பாதையே ஒத்துக்காது. அப்புறம் தங்கச்சி, மாப்பிள்ளை, நாலாவது படிக்கிற என் பொண்ணு, நான்.

எந்த டிராவல்ஸ்ல கேட்டாலும் ஹேவ்லாக், நீல், செல்லுலார் ஜெயில்னு ஒரே அட்டவணையைத்தான் நீட்டுறாங்க. எங்களுக்கு அதுல பாதி போதும். விடியக்காலைல பஸ் ஏறி, காட்டு வழியா போய், பஸ்ஸோடவே படகுல ஏறி அடுத்த தீவு, அங்கிருந்து அதுக்கடுத்த தீவுன்னு போற டிரங்க் ரோடு பயணம் ஒண்ணு முழுசா வேணும். பகல் வெளிச்சத்துல பார்க்கணும்.

ஒரே நாள்ல போய்த் திரும்பலாமா, இல்ல தங்கணுமா? அரசு பஸ்ஸா, தனி வண்டியா? பஸ் படகுல ஏறும்போது அப்பா அம்மா உள்ளேயே உட்காரலாமா? சுண்ணாம்புக்கல் குகைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? எந்த இடத்துல சொதப்பும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் கிழக்கு

முதலில் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் அது போய் முட்டுவது ஏறக்குறைய பாரடாங் தீவில்தான். அட்சரேகை ஒன்றே, 12 பாகைக்குச் சற்று மேல். தீர்க்கரேகைதான் 78.2-க்கும் 92.7-க்கும் இடையே பதினாலரைப் பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சூரியன் அங்கே 58 நிமிடம் முந்துகிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதே. தை மாதத்தில் நமக்கு ஆறே முக்காலுக்கு விடிந்தால் அங்கே ஆறுக்கு முன்பே விடியும். சாயங்காலம் ஐந்தே காலுக்குச் சூரியன் போய்விடும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றால் மதியம் மூன்று மணியோடு உங்கள் நாள் முடிந்தது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நம் ஊர் நினைப்பில் எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

சாலையைப் பற்றி. அந்தமான் டிரங்க் ரோடு தேசிய நெடுஞ்சாலை 4. தெற்கு அந்தமான், பாரடாங், நடு அந்தமான், வடக்கு அந்தமான் என நான்கு தீவுகளைக் கோர்த்துக்கொண்டு போகிறது. போர்ட் பிளேரிலிருந்து பாரடாங் சுமார் 100 கி.மீ., ரங்கத் 170, மாயாபந்தர் 240, கடைசி ஊரான திக்லிபூர் முந்நூறைத் தாண்டும். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக், நீல் இரண்டும் 2018 முதல் சுவராஜ் தீப், ஷஹீத் தீப். டிக்கெட்டில் எது இருந்தாலும் ஊர் அதேதான்.) திக்லிபூர் வரை ஒரே மூச்சில் போனால் 12 மணி நேரம் ஆகும், உங்கள் அம்மாவை அந்தப் பாடு படுத்த வேண்டாம். ரங்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறேழு மணி நேரப் பயணம், காடு, படகு, பாலம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பஸ் மோகன்புரா பஸ் ஸ்டாண்டில். வடக்கே போகும் வண்டிகள் விடியற்காலை நான்கு மணி வாக்கிலேயே கிளம்பிவிடும். காரணம் ஜிர்கடாங் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அதற்குள் எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. போலீஸ் காவலோடு, ஒரு நாளைக்கு ஒருசில முறை மட்டும், வரிசையாக விடுவார்கள். அங்கே எல்லோரும் அதைக் கான்வாய் என்றே சொல்கிறார்கள். முதல் கான்வாய் காலை ஆறு மணி வாக்கில். அதை ஐந்து நிமிடத்தில் தவறவிட்டால் தாமதம் ஐந்து நிமிடம் அல்ல, அடுத்த கான்வாய் வரை மூன்று மணி நேரம் அதே இடத்தில் உட்கார வேண்டும். நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தைய நாள் சீட்டு எடுக்கும்போதே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி வண்டி எடுத்தால் ஜிர்கடாங்கில் டிரைவர் ஒரு படிவம் கொடுக்க வேண்டும்: எல்லோர் பெயர், வயது, அடையாள அட்டை எண். ஆதார் ஜெராக்ஸ் ஆளுக்கு இரண்டு கையில் இருக்கட்டும், குழந்தைக்கும் சேர்த்து. அந்த நேரத்துக்கு அங்கே ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது. ஆறு பேருக்குத் தனி வண்டி வசதிதான், ஆனால் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உயரத்தில் உட்காரும் சுகம் பஸ்ஸில்தான்.

செக்போஸ்ட்டில் டீ, டிபன், கழிப்பறை எல்லாம் உண்டு. மூன்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சுமார் 50 கி.மீ., ஒன்றரை மணி நேரம், எதற்காகவும் வண்டி நிற்காது. வேகம் 40-க்குள், முந்தக் கூடாது, போட்டோ வீடியோ கூடவே கூடாது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2012-இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது, படம் எடுத்தால் ஜெயில். போனைப் பையில் போட்டுவிடுங்கள். சிக்னலும் கிடைக்காது, அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், முன்பக்கமாக சீட்டு கேளுங்கள். பின் சக்கரத்தைத் தாண்டி உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு வெளியே வீசி எறியப்படும். காப்புக்காட்டுக்குள் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள், காற்று வராது, அப்போதுதான் வயிறு புரட்டும். வாந்தி மாத்திரையைப் பஸ் ஏற அரை மணி முன்பே போட வேண்டும். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அந்த மாத்திரை தூக்கத்தையும் தரும்.

நாகமரை படகுத்துறை

படகு விஷயம் நான் சொல்றேன் அண்ணா. நம்ம மேட்டூர் அணைத் தண்ணில, நாகமரைல வண்டிய ஏத்திட்டு எதிர்க்கரை பண்ணவாடிக்குப் போறோமே, அந்த நினைப்புல போனா ரெண்டு வித்தியாசம் தெரியும்.

முதல்ல அளவு. நம்மளுது பைக்கை ஏத்துற விசைப்படகு. தெற்கு அந்தமானுக்கும் பாரடாங்குக்கும் நடுவுல இருக்கற மிடில் ஸ்ட்ரெயிட்ங்கற நீரிணைல இருக்கறது தட்டையான பெரிய இரும்புப் படகு, பஸ்ஸே நேரா உள்ள ஓடும். முன்னால இரும்புப் பலகை ஒண்ணைக் கரைச் சரிவுல இறக்கி வெச்சிருப்பாங்க, வண்டி அது மேல ஏறித்தான் உள்ள போகணும். பஸ்ஸுக்குள்ள உட்கார முடியாது. எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு வெறும் பஸ்ஸைத்தான் ஏத்துவாங்க. ஆளுங்க நடந்து போய் ஓரத்துல நிக்கணும். அப்பாவோட முட்டிக்கு இதுல பெரிய சிரமம் இல்ல, படிக்கட்டு கிடையாது, சரிவுதான். ஆனா அந்த இரும்பு ஈரமா, பாசியா இருக்கும். ரப்பர் செருப்பு வேணாம், பின்னால வார் வெச்ச செருப்பு போடுங்க. வண்டி ஏறும்போது பலகை மேல யாரும் நடக்கக் கூடாது, குழந்தை கையை விடாதீங்க.

ரெண்டாவது, தண்ணி. மேட்டூர் அணைத் தண்ணி மாசக்கணக்குல ஏறும், இறங்கும். 120 அடி நிரம்பினா துறை மேல வரும், வத்தினா தண்ணில முழுகிக் கிடக்கற பண்ணவாடி நந்தி சிலை வெளிய தெரியும். கடல்ல அந்த ஏத்த இறக்கம் ஒரே நாள்ல ரெண்டு தடவை நடக்குது. ஏத்தத்துல படகும் கரையும் ஒரே மட்டம். வத்தத்துல படகு கீழ போயிடும், பலகை செங்குத்தா நிக்கும். தாழ்வான கார் எடுத்தா பம்பர் தட்டறது அந்த நேரத்துலதான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வித்தியாசம் இன்னும் அதிகம். நேரமும் தினம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால நேத்து போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீங்க. தனி வண்டின்னா அடிப்பாகம் உசரமா இருக்கறதா பாத்து எடுங்க.

கடக்கறது பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். ஆனா ஒரு கான்வாய் மொத்தமும் ஒரே நடைல ஏறாது. பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை, கார்ங்க அடுத்த நடைக்கு நிக்கணும். பார்க்க வேண்டியது அந்தப் பத்து நிமிஷம்தான். ரெண்டு கரையிலயும் அலையாத்திக் காடு தண்ணிக்குள்ள கால் ஊனிட்டு நிக்கும், வேர் எல்லாம் குடைக்கம்பி மாதிரி வளைஞ்சிருக்கும். வத்தத்துல போனா வேர்ல தண்ணி நின்ன கோடு வரிசையா தெரியும், எவ்வளவு இறங்கியிருக்குன்னு பொண்ணு அதுலயே அளந்துடுவா.

தொப்பூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம், படகு ரெண்டு இடத்துலன்னு பழைய பதிவு ஒண்ணுல படிச்சேனே? நீங்க ஒண்ணுதான் சொல்றீங்க. குகை பத்தியும் யாராவது சொல்லுங்க.

ஊத்தங்கரை மலர்

ரெண்டாவது படகு பாரடாங்குக்கும் நடு அந்தமானுக்கும் நடுவுல, ஹம்ப்ரி ஸ்ட்ரெயிட்ல இருந்துச்சு அண்ணா. இப்ப அங்க ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட நீளமா பாலம் வந்தாச்சு, பஸ் அப்படியே போயிடும். மிடில் ஸ்ட்ரெயிட்லதான் இன்னும் படகு. ரங்கத் தாண்டி வடக்கே போனா, நடு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் சேர்க்கிற பாலம் 2002-லேயே வந்தது.

குகைக்கு முன்னாடி ஒரு விஷயம்: திங்கட்கிழமை லீவு. நீங்க எந்தக் கிழமை போறீங்கன்னு சொல்லல. அதைப் பார்க்காம டிக்கெட் போட்டுட்டு வந்து ஜெட்டில (படகுத்துறைல) நிக்கிறவங்க வாரா வாரம் இருக்காங்க.

பாரடாங் பக்கத்துத் துறைக்குப் பேர் நீலாம்பூர். குகைக்குப் போற சின்ன ஸ்பீடு போட் அங்கேயே கிடைக்கும், ஒரு போட்டுல பத்துப் பேர். நீங்க ஆறு பேர், இன்னும் நாலு பேர் சேர்ற வரைக்கும் நிக்கணும், இல்ல மிச்ச சீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கணும். முதல் கான்வாய்ல வந்தா ஆள் உடனே சேர்ந்துடும். வனத்துறை அனுமதிச் சீட்டு எடுக்கணும், அடையாள அட்டை கேப்பாங்க. அரை மணி நேரம் போட். கடைசில ஓடை ரொம்ப ஒடுங்கிடும், ரெண்டு பக்கத்துக் கிளையும் தலைக்கு மேல சேர்ந்துக்கும். குனிஞ்சு உட்காரணும், கை வெளிய நீட்டக் கூடாது. கிளைக்காக மட்டும் இல்ல, அந்த ஓடைகள்ல உப்புத்தண்ணி முதலை உண்டு.

இறங்கினப்புறம் நடை, ஒரு பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட. உங்க அப்பாவுக்கு இதுதான் பிரச்சனை. தூரம் பெருசில்ல, தரைதான் மோசம். வேர், கல்லு, ஏத்த இறக்கம், நடுவுல வயல் வெளியில நிழலே கிடையாது. குகைக்குள்ள இருட்டு, தரை ஈரம், மேலிருந்து சொட்டிட்டே இருக்கும். தொங்கற சுண்ணாம்புக்கல்லைத் தொடக் கூடாது, கை எண்ணெய் பட்டா அதோட வளர்ச்சி நின்னுடும். போய் வர மொத்தம் ரெண்டரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க.

அப்பாவை போட் வரைக்கும் மட்டும் கூட்டிட்டுப் போய் ஜெட்டி நிழல்ல உட்கார வைக்கிறது ஒரு வழி. எனக்கு அதுவும் சரியாப் படல, ரெண்டு மணி நேரம் தனியா உட்காரணும். நீங்களும் மாப்பிள்ளையும் பொண்ணோட குகைக்குப் போங்க, அப்பா, அம்மா, தங்கச்சி நீலாம்பூர்லயே இருக்கட்டும், டீக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கு. சேத்து எரிமலையும் பக்கத்துல இருக்கு. பேரைக் கேட்டு நெருப்பை எதிர்பார்த்துட்டுப் போகாதீங்க, குளிர்ந்த சாம்பல் நிறச் சேறு சட்டியில கூழ் கொதிக்கிற மாதிரி ‘பொளக் பொளக்’னு குமிழ் விடும், அவ்வளவுதான். அதுக்கும் படி ஏறணும். நேரம் இல்லேன்னா விட்டுடுங்க, குறை ஒண்ணும் இல்ல.

பாலக்கோடு சக்கரை

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்றால் பாரடாங் வரை முடியும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அதே காட்டு வழியை இரண்டு தடவை கடந்து, கடைசி கான்வாய் போய்விடுமோ என்ற பயத்திலேயே குகையைப் பார்த்துவிட்டு ஓடி வர வேண்டும். மதியம் மூன்று மணிக்கு முன்பே கடைசி வண்டிகள் மிடில் ஸ்ட்ரெயிட்டில் வரிசை கட்டிவிடும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு பாரடாங்கில்தான் படுக்கை, அங்கே தங்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

போகும்போது சாலை, வரும்போது கடல். இப்படித் திட்டம் போட்டால் ஒரே பணத்தில் இரண்டு பயணம்.

முதல் கான்வாயில் பாரடாங். குகை முடித்து மதியச் சாப்பாடு. இரண்டாவது கான்வாயில் வரும் ரங்கத் பஸ்ஸில் ஏறலாம், ஆனால் நடுவழியில் ஏறுகிறவர்களுக்கு சீட்டு நிச்சயம் இல்லை, அப்பா நின்றுகொண்டே வரும்படி ஆகும். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் விஷயத்தில் தனி வண்டிக்கு என் ஓட்டு. குகையைக் கைவிட்டால் அரசு பஸ்ஸே போதும், மதியத்துக்குள் ரங்கத்தில் இறங்கிவிடலாம். சாயங்காலம் ஆம்குஞ்ச் கடற்கரை, முடிந்தால் தானிநல்லா அலையாத்திக் காட்டின் நடுவே போட்டிருக்கும் மரப்பாதை. அது சமதளம், கைப்பிடி உண்டு, அப்பாவுக்குக் குகையைவிட நூறு மடங்கு மேல். ஐந்து மணிக்குள் போய்விடுங்கள்.

மறுநாள் எராட்டா ஜெட்டியிலிருந்து அரசுக் கப்பல். லாங் ஐலேண்ட், ஹேவ்லாக் வழியாகப் போர்ட் பிளேர் வரும். எராட்டாவிலிருந்து கடல்வாய் வரை அலையாத்தி ஓடைக்குள் வளைந்து வளைந்து வரும் பகுதி இந்த மொத்தப் பயணத்திலேயே அழகானது, அதை யாரும் அட்டவணையில் போடுவதில்லை. கவனிக்க வேண்டியவை:

கப்பல் தினமும் கிடையாது, வாரத்தில் சில நாள்தான். எனவே கப்பல் நாளை முதலில் உறுதி செய்து, அதற்கு முந்தைய நாளில் பஸ் பயணத்தை வையுங்கள். முதலில் பஸ், பிறகு கப்பல் என்று தேடினால் ரங்கத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார நேரும். கிளம்புவது விடிந்ததும். ஜெட்டி ஊருக்கு வெளியே என்பதால் ஆட்டோவை முந்தைய இரவே பேசி வையுங்கள். டிக்கெட்டை ஏற வேண்டிய ஜெட்டியில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், போர்ட் பிளேர் பீனிக்ஸ் பே படகுத்துறைக் கவுண்டரில் முன்கூட்டியே கேளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது சுற்றுலா இல்லை, ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிற வண்டி, நிரம்பிவிடும்.

கடலில் ஆட்டம் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் குறைவு. முனையில் உட்கார்ந்தால் ஊஞ்சல் பலகையின் ஓரம் மாதிரி. அம்மாவை நடுவில் உட்கார வைத்து, ஓடை முடிந்து கடல் வரும் முன்பே இன்னொரு மாத்திரை.

ஊர் திரும்பும் விமானத்துக்கும் இந்தக் கப்பலுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். காற்று அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், தை மாதத்தில் அது குறைவு என்றாலும். அன்றே விமானம் வைத்திருந்தால் கதை முடிந்தது.

அரூர் வடக்கு

எல்லாரும் வழி சொல்லிட்டீங்க, ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். சில டிரைவர்கள் ‘ஜாரவா பார்க்கலாம் சார்’ன்னு ஆசை காட்டுவாங்க. அப்படிப் பேசற வண்டியை எடுக்காதீங்க. அந்த மக்கள் சில நூறு பேர்தான். வெளியாட்களோட நெருங்க ஆரம்பிச்சதே 1998 வாக்குல. அடுத்த வருஷமே அவங்களுக்குள்ள தட்டம்மை பரவுச்சு. நாம ஜன்னல் வழியா நீட்டற பிஸ்கட் பாக்கெட்டுக்கு அவங்க கொடுக்கற விலை வேற. காப்புக்காட்டுக்குள்ள இந்த ரோட்டையே மூடச் சொல்லி 2002-ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, ரோடு இன்னிக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு. குழந்தைகிட்ட முதல் நாளே சொல்லி வைங்க: யாராவது ரோட்டோரம் நின்னா கை காட்டக் கூடாது, கத்தக் கூடாதுன்னு.

அப்புறம் கிளிஞ்சல், பவளம் பொறுக்கிட்டு வராதீங்க. ஏர்போர்ட்ல பையைத் திறந்து எடுத்துடுவாங்க.

தொப்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. நாங்க யோசிச்ச நாள் திங்கள்! மலர் சொல்லலேன்னா போச்சு. கப்பல் நாளைப் பார்த்துட்டு புதன் இல்ல வியாழன் வைக்கிறோம். தனி வண்டி, அப்பா அம்மா தங்கச்சி நீலாம்பூர்ல, நாங்க மூணு பேர் குகை, ராத்திரி ரங்கத், மறுநாள் கடல் வழி.

கடைசியா ரெண்டு கேள்வி. விமானம் சென்னையா பெங்களூரா? வழியில சாப்பாடு கட்டிக்கணுமா?

காவேரிப்பட்டணம் கிழக்கு

தூரத்தைப் பார்த்தால் பெங்களூர் பாதிதான். ஆனால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில், நாம் நுழைவது தெற்கே ஓசூர் வழியாக. அத்திப்பள்ளியிலிருந்து ஊர் முழுவதையும் கடக்க வேண்டும். இரவில் கிளம்பி விடியும் முன் ஊரைத் தாண்டுவதானால் பெங்களூர். பகல் விமானம் என்றால் மொரப்பூரில் ரயில் ஏறி சென்னை போவது வயதானவர்களுக்குச் சுலபம், படுத்துக்கொண்டே போகலாம். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம் பறக்கும். சென்னைக் கப்பலைப் பற்றி யாராவது சொன்னால் மூன்று நாள் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊத்தங்கரை மலர்

சாப்பாடு: ஜிர்கடாங், நீலாம்பூர், ரங்கத் மூணு இடத்துலயும் கிடைக்கும். தமிழ் பேசறவங்களும் அந்தப் பக்கம் நிறைய, பொண்ணுக்கு இட்லி தோசைக்குக் குறை வராது. கப்பல்லதான் ஒண்ணும் நம்ப முடியாது. அன்னிக்கு ரங்கத் ஓட்டல்ல முந்தின ராத்திரியே சொல்லி வெச்சு காலைல புளிசாதம் மாதிரி ஏதாவது கட்டி வாங்கிக்கோங்க. தயிர்சாதம் வேணாம், அந்த ஈரக் காத்துல பத்து மணிக்கே புளிச்சுடும். ஊர்ல இருந்து நிப்பட் (தட்டை), பொரி எடுத்துட்டுப் போகலாம், ஆனா இறுக்கி மூடற டப்பால. கவர்ல வெச்சா ரெண்டாம் நாளே நமுத்துடும். பணம் ரொக்கமா கையில இருக்கட்டும், பாரடாங்ல ஏடிஎம்மை நம்பி இறங்காதீங்க.